போன் ராத்திரிதான் வீட்டுக்கு வரும், டீச்சர்!

கோடை விடுமுறை தொடங்கியதிலிருந்து வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. வீட்டில் இருக்கும் பிள்ளைகள், காசு கொடுக்காமல், இணையத்தில் எதை வைத்துப் படிக்கலாம்? அதனால் இந்த இதழில் வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான், பதில்களில் அங்கங்கே கணக்கு எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகள் ஏழாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. இரண்டு பேரும் அரசுப் பள்ளி, தமிழ் வழி. வாட்ஸ்அப் குழுவில் தினமும் பத்து லிங்க் வருகிறது, எல்லாவற்றிலும் 'முற்றிலும் இலவசம், உடனே பகிரவும்' என்று போட்டிருக்கிறது. எதைத் திறப்பது என்று தெரியாமல் எதையுமே திறக்கவில்லை. வீட்டில் ஒரே போன், அதையும் இவர் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார், ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வரும். என்ன செய்யட்டும் டீச்சர்? (ஒரு வாசகி, திருமங்கலம்)

பதில்: முதல் வேலையாக அந்த லிங்க்குகளை எல்லாம் அழித்துவிடுங்கள், பாவமே பார்க்க வேண்டாம். உங்களுக்கு வேண்டியது ஏற்கெனவே பிள்ளைகளின் பையில் இருக்கிறது. 2018-இலிருந்து பாடத்திட்டம் படிப்படியாக மாறியபோது வந்த நம் மாநிலப் பாடநூல்களைப் புரட்டிப் பாருங்கள், பாடங்களுக்கு நடுவே க்யூஆர் கோடு இருக்கும், மளிகைக் கடையில் பணம் கட்ட ஸ்கேன் செய்வோமே, அதே மாதிரிக் கட்டம். போனில் தீக்ஷா என்ற ஆப்பை ஏற்றி (மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்தது, காசு கிடையாது) அதை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோவோ பயிற்சியோ நேராகத் திறக்கும். தேடவே வேண்டாம் என்பதுதான் இதில் பெரிய நிம்மதி. தேடப் போனால்தானே ஆபத்து, பின்னத்தில் ஆரம்பித்த பையன் இருபது நிமிஷம் கழித்துப் பார்த்தால் யாரோ ஒருவர் நாற்பது முட்டை சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

போன் ராத்திரிதான் வரும் என்பதைப் பெரிய குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பகலில் புத்தகத்தை வைத்தே படிக்கட்டும், புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு சுழி போட்டு வைக்கட்டும். எட்டு மணிக்குப் போன் வந்ததும் சுழித்த இடத்துக்கு மட்டும் வீடியோ, ஆளுக்குக் கால் மணி நேரம், அதற்கு மேல் கெஞ்சினாலும் கிடையாது. நாள் முழுக்கப் போன் கையில் இருக்கும் வீட்டில் இந்தச் சுழி போடும் பழக்கம் வரவே வராது, ஏனென்றால் அங்கே எடுத்த எடுப்பிலேயே வீடியோதான். தீக்ஷாவில் பாடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளவும் முடியும், பக்கத்து வீட்டில் வைஃபை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துக்கானதை இறக்கிவிடுங்கள், டேட்டா மிச்சம்.

பகலில் டிவி சும்மாதானே இருக்கிறது? 2019 ஆகஸ்டில் அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி கேபிளிலேயே வரும், எந்த எண்ணில் என்று உங்கள் கேபிள்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு நெட்டும் வேண்டாம், அப்பாவின் போனும் வேண்டாம். ஒரே சிக்கல், நாம் கேட்கும் பாடம் நாம் கேட்கும் நேரத்தில் வராது. அப்புறம் ஒன்று, இது இணையம் இல்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். திருமங்கலத்திலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறினால் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, 2023 ஜூலையில் திறந்தார்கள். குழந்தைகளுக்குத் தனிப் பகுதியே உண்டு, உள்ளே போகக் காசு இல்லை, ஏசி வேறு. மே மாதத்தில் அந்த ஏசிக்காகவே போகலாம்.

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. நீங்கள் முன்பு ஒரு இதழில் எழுதியதை நம்பி யூடியூபில் கணக்குப் பாடங்களைப் பார்க்க வைத்தேன். நாள் தவறாமல் ஒரு மணி நேரம் பார்க்கிறாள், 'புரிஞ்சுதா?' என்றால் 'புரிஞ்சுது' என்கிறாள், பரீட்சை வைத்தால் முட்டை. இலவசமாகக் கிடைப்பது இப்படித்தான் இருக்கும் போல. (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: கோபமாக எழுதியிருக்கிறீர்கள், நியாயம்தான், நான் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. காசு கட்டிப் பார்த்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். வகுப்பில் நான் கரும்பலகையில் கணக்குப் போடும்போது நாற்பது தலையும் ஆடும், சாக்பீஸை ஒரு பிள்ளை கையில் கொடுத்து 'இதே மாதிரி இன்னொன்று போடு' என்றதும் அறை அமைதியாகிவிடும். புரிந்துவிட்டது என்று அவள் பொய் சொல்லவில்லை. அடுத்தவர் போடும்போது புரியத்தான் செய்யும்.

அவள் அனுப்பிய விடைத்தாள் நகலைப் பார்த்தேன். முக்காலிலிருந்து மூன்றில் இரண்டைக் கழிக்கச் சொன்னதற்கு மேலே மூன்றிலிருந்து இரண்டு போனால் ஒன்று, கீழே நான்கிலிருந்து மூன்று போனால் ஒன்று, ஆக விடை 1 என்று எழுதியிருக்கிறாள். முக்கால் லிட்டர் பாலிலிருந்து கொஞ்சம் எடுத்து ஊற்றின பிறகு ஒரு லிட்டர் மிச்சம் இருக்குமா என்று அவளிடம் கேளுங்கள், அவளே சிரித்துவிடுவாள். சரியான விடை பன்னிரண்டில் ஒன்று, ஒரு துளி. பன்னிரண்டுக்கு எப்படி வந்தோம் என்பது எட்டாம் வகுப்பு வீடியோவில் இருக்காது, அது ஐந்தாம் ஆறாம் வகுப்பிலேயே முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு எட்டாம் வகுப்பு டீச்சர் மேலே போய்விடுவார், அவர் மேல் தப்பில்லை.

அதனால் இரண்டு மூன்று வகுப்பு கீழே இறங்குங்கள், கூச்சப்பட வேண்டாம். எல்லா வகுப்புப் பாடநூல்களும் மாநில அரசின் பாடநூல் இணையதளத்தில் பிடிஎஃப்பாக இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு கணக்குப் புத்தகங்களை இறக்கி, பின்னம் உள்ள பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துக் கொடுங்கள். வீடியோ பார்ப்பதானால் நோட்டும் பேனாவும் மடியில் இருக்க வேண்டும். வீடியோவில் வருபவர் கணக்கைச் சொல்லி முடித்ததும், அவர் போட ஆரம்பிப்பதற்கு முன்னால் வீடியோவை நிறுத்திவிட்டு அவளே போட்டுப் பார்க்க வேண்டும், தப்பானாலும் பரவாயில்லை. மறுநாள் காலை, வீடியோவும் இல்லாமல் நோட்டையும் பார்க்காமல் அதே கணக்கை இன்னொரு முறை. ஒரு மணி நேரம் வேண்டாம், இப்படி இரண்டு கணக்கு போதும்.

ஆங்கில வழிப் பிள்ளைகளுக்கு கான் அகாடமி இதைத் தானாகவே செய்யும், வீடியோவுக்குக் கீழேயே பயிற்சி இருக்கும், தப்பாகப் போட்டால் எங்கே தப்பு என்று காட்டும், விளம்பரம் கிடையாது. அது தொடங்கிய கதை எனக்குப் பிடிக்கும். சல்மான் கான் என்பவர் (நடிகர் இல்லை!) 2004-இல் வேறு ஊரில் இருந்த சித்தப்பா மாமா வழிச் சின்னப் பெண் ஒருத்தி கணக்கில் திணறியதால் போனில் சொல்லிக் கொடுத்தார், மற்ற சொந்தக்காரப் பிள்ளைகளும் கேட்க ஆரம்பித்ததும் வீடியோவாக எடுத்து யூடியூபில் போட்டார், 2008-இல் அதையே லாபநோக்கம் இல்லாத நிறுவனமாக ஆக்கினார். சொந்தக்காரப் பிள்ளைக்குச் சொல்லித்தருகிற பொறுமை இன்னும் அதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

கேள்வி: பையன் நான்காம் வகுப்பு, ஆங்கில வழி. இங்கிலீஷ் படிக்கிறான், தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. டியூஷன் வைக்க வசதி இல்லை. ஆப் ஏதாவது உண்டா? (ஒரு தந்தை, திருப்பூர்)

பதில்: கூகுளின் ரீட் அலாங் இருக்கிறது, தமிழும் உண்டு. பிள்ளை போனைப் பார்த்துச் சத்தமாகப் படிக்க வேண்டும், தியா என்று ஒரு பொம்மைப் பெண் கேட்டுக்கொண்டே இருப்பாள், தடுமாறும் சொல்லைத் தொட்டால் உச்சரித்துக் காட்டுவாள். கதையை ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். நம் எதிரில் படிக்கக் கூச்சப்படும் பிள்ளைகூட அந்தப் பொம்மையிடம் கூச்சமில்லாமல் படிக்கும், என் பேத்தியிடம் பார்த்திருக்கிறேன். ழகரத்தையும் ளகரத்தையும் அது அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை, அதை நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

அதைவிட எனக்குப் பிடித்தது ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் என்ற பதிப்பகம் 2015-இல் ஆரம்பித்த தளம், தமிழில் மட்டும் ஏராளமான படக்கதைகள், ஒன்றாம் நிலையிலிருந்து நான்காம் நிலை வரை பிரித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் பையன் நான்காம் வகுப்பு என்பதற்காக நான்காம் நிலையை எடுத்துவிடாதீர்கள், பக்கத்துக்கு ஒரு வரி உள்ள ஒன்றாம் நிலையிலிருந்து தொடங்குங்கள். படிக்கலாம், இறக்கலாம், அச்சடித்துப் பத்துப் பேருக்குக் கொடுக்கலாம், எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு, யாரும் கேஸ் போட மாட்டார்கள். கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுத்தால் செலவும் குறைவு, படத்துக்கு அவனே கலர் அடித்துக்கொள்வான், கலர் அடிக்கும்போது அந்த ஒரு வரி எத்தனை முறை கண்ணில் படும் என்று எண்ணிப் பாருங்கள். நூலில் தைத்து அட்டை போட்டு அவன் பெயரை எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். மகள் ஒன்பதாம் வகுப்பு, அறிவியலில் ஆர்வம். பள்ளியில் லேப் என்று ஒரு அறை இருக்கிறது, பூட்டியே இருக்கும் என்கிறாள். நெட்டில் லேப் மாதிரி ஏதாவது கிடைக்குமா மேடம்? (ஒரு வாசகர், ராஜபாளையம்)

பதில்: கிடைக்கும், நிறையவே. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் என்ற தளம், இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002-இல் தொடங்கி வைத்தது. பேட்டரி, பல்பு, ஒயர் எல்லாம் திரையில் இருக்கும், உங்கள் மகள் விரலால் இழுத்துச் சுற்று அமைத்தால் எலெக்ட்ரான்கள் ஓடுவது தெரியும், தப்பாக இணைத்தால் தீப்பிடிக்கும் (திரையில்தான்). சில பகுதிகள் தமிழிலும் உண்டு, தனித்தனியாக இறக்கியும் வைத்துக்கொள்ளலாம். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைக்கான செய்முறைகள் வேண்டுமென்றால் அமிர்தா பல்கலைக்கழகமும் மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கும் சேர்ந்து செய்த ஓலேப்ஸ் தளத்தைப் பாருங்கள், ஆங்கிலம்தான் அதிகம்.

ஆனால் ஐயா, ரீவைண்டிங் கடை வைத்திருப்பவர் மகளுக்குத் திரையில் ஒயர் இழுக்கச் சொல்லிவிட்டு விட எனக்கு மனம் வரவில்லை. அரவிந்த் குப்தா என்று ஒருவர், கான்பூர் ஐஐடியில் படித்த இன்ஜினீயர், 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எழுபதுகளின் இறுதியில் மத்தியப் பிரதேச கிராமப் பள்ளிகளுக்குப் போனவர், சைக்கிள் வால்வ் டியூபைத் துண்டு துண்டாக வெட்டித் தீக்குச்சிகளை அதில் சொருகி முக்கோணம், கூம்பு, வீடு என்று செய்ய ஆரம்பித்தார், அதிலிருந்து குப்பையில் கிடப்பதை வைத்தே பொம்மை செய்து அறிவியல் சொல்லித்தருவது அவர் வேலையாகிவிட்டது. அவர் தளத்தில் எல்லாமே இலவசம், தமிழில் பேசும் வீடியோக்களும் இருக்கின்றன. அதில் ஒரு மோட்டார் வரும். டார்ச் பேட்டரி ஒன்று, ஊக்கு இரண்டு, ஒரு சின்னக் காந்தம், கொஞ்சம் எனாமல் பூசிய செம்புக் கம்பி. கம்பியை வளையமாகச் சுற்றி, இரண்டு பக்கமும் நீட்டி விட்ட முனைகளை ஊக்குகளின் வளையத்தில் நுழைத்துப் பேட்டரியின் இரு பக்கமும் ரப்பர் பேண்டால் கட்டி, மேலே காந்தத்தை ஒட்டினால் சுற்றும். சுற்றாது! ஒரு முனையில் எனாமலை முழுக்கச் சுரண்டி, மறு முனையில் பாதிச் சுற்றளவுக்கு மட்டும் சுரண்டினால்தான் சுற்றும். ஏன் பாதி? முழுக்கச் சுரண்டினால் மின்சாரம் நிற்காமல் போகும், அரைச் சுற்றுக்குப் பிறகு காந்தம் அதே கம்பியை வந்த வழியே பின்னுக்குத் தள்ளும், வளையம் ஆடிக்கொண்டே இருக்கும். பாதி எனாமல் இருந்தால் அந்த அரைச் சுற்றில் மின்சாரம் அறுந்து, போன வேகத்திலேயே சுற்றி மறுபடி பழைய இடத்துக்கு வந்துவிடும், சுற்றிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு இது புதிதில்லை, மோட்டாரில் மின்சாரத்தை இப்படி நேரம் பார்த்து மாற்றிவிடும் கம்யூடேட்டர் தினமும் கடையில் உங்கள் கையில் புரள்கிறது. மகளுக்குச் சொன்னதுண்டா? கம்பியும் கடையிலேயே கிடக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குக் கூட்டிப் போங்கள், வீடியோவை அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: 'இலவச டெமோ வகுப்பு' என்று விளம்பரம் பார்த்து போன் நம்பர் கொடுத்தேன். தினமும் நான்கு அழைப்பு. கடைசியில் வீட்டுக்கே ஆள் வந்து, பையன் எதிரிலேயே 'உங்க பிள்ளை எதிர்காலம் முக்கியமில்லையா' என்று கேட்டு, டேப்லெட்டோடு சேர்த்து மாதத் தவணையில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். (ஒரு வாசகர், ஓசூர்)

பதில்: பிள்ளை எதிரில் கேட்டால் அப்பா மறுக்க மாட்டார் என்று தெரிந்துதான் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்பதை இன்றைக்கே மெயிலில் எழுத்தாக அனுப்புங்கள், போனில் சொன்னது கணக்கில் வராது. கையெழுத்துப் போட்ட தாளில் கடன் கொடுத்தது யார் என்று பாருங்கள், பெரும்பாலும் வேறு நிதி நிறுவனமாக இருக்கும், அவர்களுக்கும் எழுதுங்கள். இறங்கி வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே (தானாகப் பணம் பிடித்துக்கொள்ளும் வசதி) என்ற இடத்தில் உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மற்றவர்களுக்கு: இந்தப் பக்கத்தில் நான் இலவசம் என்று சொன்ன எதுவும் கார்டு நம்பரைக் கேட்காது, கேட்டால் நீங்கள் வேறு எங்கோ போய்விட்டீர்கள் என்று அர்த்தம்.

கேள்வி: இவ்வளவு இலவசமாகக் கிடைக்கும்போது பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைத்தால் என்ன? பரீட்சை எழுத முடியுமா? (ஒரு வாசகி, கோவை)

பதில்: முடியும். என்ஐஓஎஸ் என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி 1989-இலிருந்து நடக்கிறது, மத்திய அரசுடையது. 14 வயது முடிந்திருந்தால் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம், பாடங்களைத் தமிழிலும் எடுக்கலாம். பாடப் புத்தகங்கள் அவர்கள் தளத்திலேயே பிடிஎஃப்பாக இருக்கின்றன. சேருவதற்கும் தேர்வுக்கும் கட்டணம் உண்டு, அது இலவசமில்லை. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு முறை தேர்வு.

நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். வீட்டில் ஒருவர் முழு நேரமும் கூட உட்கார முடியுமா? இணையத்தில் பாடம் கிடைக்கும், இடைவேளை மணி அடித்ததும் வெளியே ஓடிப் போய்ச் சண்டை போட்டு, மறுபடி சேர்ந்துகொள்வது கிடைக்காது. உடம்பு சரியில்லை, விளையாட்டுப் பயிற்சி, அடிக்கடி ஊர் மாற்றம் என்று காரணம் இருந்தால் சரி. ஃபீஸை மிச்சம் பிடிக்கத்தான் என்றால் பக்கத்தில் உள்ள அரசுப் பள்ளியை ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பேரன் பிராங்க்பர்ட்டில். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் 'சாப்பிட்டியா' என்பதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. நானே சொல்லிக்கொடுக்கலாமா? (ஒரு பாட்டி, பாளையங்கோட்டை)

பதில்: நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்! வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளை மனதில் வைத்தே 2001-இல் சென்னையில் தொடங்கியது தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று பெயர். அதன் மழலைக்கல்வியில் எழுத்து, பாட்டு, கதை எல்லாம் ஒலியோடு இருக்கிறது. எழுத்து பிடிபட்டதும் மேலே சொன்ன ஸ்டோரிவீவரில் ஒரே கதையை அவனும் திறக்கட்டும், நீங்களும் திறந்துகொள்ளுங்கள், ஒரு வரி நீங்கள், ஒரு வரி அவன். வேண்டுமென்றே ஒரு சொல்லைத் தப்பாகப் படித்துப் பாருங்கள். பாட்டியைத் திருத்துவதற்காகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் முதலில் கூப்பிடுவான்.

கேள்வி: டீச்சர், நான் ஐந்தாம் வகுப்பு. எங்க அம்மா உங்க பக்கத்தைப் படித்துவிட்டு காலையில் ஒன்றரை மணி நேரம், மத்தியானம் ஒன்றரை மணி நேரம் வீடியோ பார்க்க வைக்கிறாங்க. லீவு விட்டதே தெரியலை. நிறுத்தச் சொல்லுங்க. (ஒரு மாணவன், சேலம்)

பதில்: உன் கையெழுத்து நன்றாக இருக்கிறது. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் ஸ்க்ராட்ச் என்று ஒன்று இருக்கிறது, எம்ஐடி என்ற அமெரிக்கக் கல்லூரிக்காரர்கள் 2007-இல் வெளியிட்டது, இலவசம். கட்டைகளை அடுக்குவது மாதிரி கட்டளைகளை அடுக்கி நீயே விளையாட்டு செய்யலாம். பூனை ஒன்று நிற்கும், அதை ஓட வை, பிறகு அதைத் துரத்த ஒரு நாயைச் செய். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு, லீவுதானே.

இனி உன் அம்மாவுக்கு. அம்மா, நான் முன்பு எழுதியது ஒரு நாளைக்கு இருபது நிமிஷம். மூன்று மணி நேரம் எங்கிருந்து வந்தது?